வண்டி அழுவுது

"…அந்த ஜாயின்ட்ட மட்டும் தொடாதே அண்ணாத்தே. வேற இன்னா வேணா கழட்டிக்கோ, ஏன்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்" என்றார் அவர். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, என் தோளுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து சொன்னார். காரின் பானெட் தூக்கி நின்றது. அதற்கு அந்தப் பக்கம், முன் சீட்டில், அவருடைய சம்சாரம் உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பழைய இரும்பாக எடைக்குப் போடுவதற்காக இருவரும் வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தார்கள். போகிற வழியில் கடைசியாக ஒரு தடவை காட்டிவிடலாம் என்று சம்சாரத்திடம் கெஞ்சி, என் கொட்டகைப் பக்கம் திருப்பியிருந்தார் அவர். என் கையில் கட்டிங் பிளேயர் வாய் திறந்தபடி இருந்தது.

அவர் எதைத் தொட வேண்டாம் என்கிறார் என்பது அந்த நிமிடம்தான் எனக்கே புரிந்தது. உங்களுக்குப் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

கரையான்சாவடியில், மெயின் ரோட்டிலிருந்து ஒரு சந்துக்குள் திரும்பினால் என் தகரக் கொட்டகை. கார் எலக்ட்ரிகல் வேலை. இந்தத் தொழிலை நான் எந்த வாத்தியாரிடமும் படிக்கவில்லை. கழற்றினேன், மாட்டினேன், கையில் மீந்துபோன ஸ்க்ரூவைப் பார்த்து முழித்தேன், மறுபடி கழற்றினேன். அப்படி வந்தது. உண்மையைச் சொன்னால் வேலையைவிட வண்டி கொண்டுவருகிறவர்களின் பேச்சில்தான் எனக்கு ருசி அதிகம். வண்டிக்கு என்ன கோளாறு என்று எவரும் வண்டியின் பாஷையில் சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? உடம்பின் பாஷையில்தான் சொல்வார்கள். "விக்கல் எடுக்குதுப்பா" என்றால் ஒரு பிளக்கில் பொறி விட்டுவிட்டு வருகிறது. "இருமுது" என்றால் பெட்ரோலில் அழுக்கு. மாவு அரைத்து வீடு வீடாகப் போடுகிற அம்மா ஒருவர், "காலைல எழுப்பச்சொல்ல சோம்பல் முறிக்குது, அப்பால பரவால்ல" என்பார். நான் நேராகப் பேட்டரியைப் பார்ப்பேன், கோளாறு அங்கேதான் இருக்கும். பாதி நோட்டம் அவர்கள் சொல்லிலேயே முடிந்துவிடும்.

'அழுகிறது' என்று மட்டும் அதுவரை யாரும் சொன்னதில்லை.

அவர் முத்தாபுதுப்பேட்டைக்காரர். அவருடைய அப்பா காலம் வரை அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட குடும்பம். இவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற பிரஸ் மெஷினில் வேலைக்குப் போய், நாளெல்லாம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே நின்று, வயசு ஐம்பதைத் தாண்டுமுன் காது மந்தமாகிப் போனவர். கிட்டே போய்ச் சத்தமாகச் சொன்னால் கேட்கும். உலகத்தில் நடப்பதெல்லாம் சம்சாரத்தின் வாய் வழியாகத்தான் அவருக்கு வந்துசேரும். அதனால் அவர் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரு 'ஆம்' ஒட்டிக்கொண்டிருக்கும். மழை வருதாம். கேஸ்காரன் வந்துட்டு போயிட்டானாம். முன்பெல்லாம் அதை வைத்து நான் அவரைக் கலாய்ப்பேன். "பசிக்குதாண்ணே, இல்ல பசிக்குதாமா?" என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பார்.

அவருக்கு ஒரே பையன். வீட்டு ஒயரிங் செய்கிற எலக்ட்ரீஷியன். பழகியது முதலில் அவனோடுதான். என் கொட்டகைக்குப் புது மீட்டர் வந்தபோது போர்டு, விளக்கு, ஃபேன் எல்லாம் அவன்தான் போட்டுக் கொடுத்தான். ஏணி மேல் உட்கார்ந்து வேலையோடு வேலையாகப் பேசிக்கொண்டே இருப்பான். நானும் விட மாட்டேன். அவன் ஜாயின்ட் போட்டு இன்சுலேஷன் டேப் சுற்றும் விதம் ஒரு தினுசு. கடைசிச் சுற்று முடிந்ததும் டேப்பின் நுனியைத் துளி மடித்து, ஒட்டாமல் ஒரு வால் போல விடுவான். ஏன்டா இது என்றேன்.

"நாளைக்கு எவனோ ஒருத்தன் இத்த பிரிப்பான் மாமே. அவன் நகத்த பேத்துக்கப் படாதுல்ல. பிரிக்கிறவனுக்கு ஒரு வாலு உடணும்."

"நீ போட்டத எவனோ ஏன்டா பிரிக்கணும்? அவ்ளோ மட்டமாவா போடறே?" என்றேன். ஏணி ஆடும்படி சிரித்தான்.

அன்றைக்கு இன்னொன்றும் சொன்னான். ஃபேனுக்குப் போகிற இரண்டு ஒயரையும் அவன் எது எது என்று பார்க்காமல் முறுக்கினதைக் கண்டு நான் பதறினேன். பேட்டரிக்காரன் நான், எனக்குப் பிளஸ் மைனஸ் மாறினால் புகை வந்துவிடும். அவன், "இதுல எந்தப் பக்கம் உட்டாலும் ஃபேன் சுத்தும் மாமே. உன் கரென்ட்டு கோவக்கார கரென்ட்டு" என்றான். கோவக்கார கரென்ட்டு என்பதை அதற்கப்புறம் நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். யார் சொன்னது என்று கேட்டால் முத்தாபுதுப்பேட்டைப் பையன் ஒருவன் என்பேன்.

போன மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் மாத்திரை போட்டுக்கொண்டான். பிறகு ஆஸ்பத்திரி, ரத்தம், ஓட்டம். ஒரு வாரம் தாங்கவில்லை. டாக்டர் மெதுவான குரலில் சொல்லியிருக்கிறார். பையனின் அம்மா அதைக் கேட்டு, இவர் காதில் திருப்பிச் சொல்லியிருக்கிறார். இவர் எனக்குப் போன் செய்தார். "பையன் பூட்டானாம் அண்ணாத்தே" என்றார்.

அந்த 'ஆம்' என்னை என்ன செய்தது என்று எழுதத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவரை நான் கலாய்த்ததில்லை.

காரியம் எல்லாம் முடிந்து, வந்த உறவும் கலைந்த பிறகு, வேப்பம்பட்டில் இருக்கிற மச்சினி வீட்டுக்குச் சம்சாரத்தை அழைத்துப்போகக் காரை எடுத்திருக்கிறார். கார் பழசு. பையன் ஆசைப்பட்டு செகண்ட்ஸில் வாங்கியது. தெருமுனை வரை ஒழுங்காகப் போன வண்டி, ரோட்டில் ஏறி மிதித்ததும் இழுத்து இழுத்துப் பின்வாங்கியிருக்கிறது. இவருக்குக் காலில் அந்தக் குலுக்கல் தெரிந்ததே தவிர சத்தம் கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் அந்த அம்மா மட்டும் கேட்டிருக்கிறார்.

மறுநாள் என்னிடம் கொண்டுவந்து நிறுத்தினார். என்ன பண்ணுது என்றேன்.

"வண்டி அழுவுதாம்" என்றார். "பையன் போன நாள்லேர்ந்து அழுவுதாம்."

ஸ்டார்ட் செய்து நின்ற நிலையில் கேட்டேன், கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். ஓட்டிப் பார்த்தேன். பூந்தமல்லிப் பக்கம் போகிற ரோட்டில் மிதித்ததும் எனக்கும் கேட்டது. விக்கல் இல்லை அது, இருமலும் இல்லை. அடக்கி வைத்துப் பார்த்து, முடியாமல் உடைகிற விசும்பல். அந்த அம்மா சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

பிளக்கை மாற்றினேன், பிளக் ஒயர்களை மாற்றினேன். நாலு பிளக்குக்கும் முறை வைத்துப் பொறியைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றித் துடைத்தேன். கொடுத்தனுப்பினேன். கொஞ்ச நாளில் திரும்பி வந்தார். "இன்னும் அழுவுதாம் அண்ணாத்தே."

அடுத்து டைமிங் பார்த்தேன். டைமிங் என்பது பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை, தோசை திருப்புகிற மாதிரி. முந்தித் திருப்பினால் கிழியும், பிந்தித் திருப்பினால் கருகும். எஞ்சினுக்குள் பொறி விழ ஒரு தருணம் உண்டு. முந்தினால் வண்டி பல்லைக் கடிக்கும், பிந்தினால் மூச்சு வாங்கும். அதைப் பார்க்கத் துப்பாக்கி மாதிரி ஒரு டைமிங் லைட் இருக்கிறது. முதல் பிளக்கின் ஒயரைக் கவ்வ விட்டால் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு மின்னல் அடிக்கும். அந்த வெளிச்சத்தில், எஞ்சின் முனையில் சுற்றுகிற புல்லிச் சக்கரம் நின்றுபோனது போலத் தெரியும். அதன் மேல் இருக்கிற கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். கோடு நிற்க வேண்டிய இடத்துக்குப் பிந்தி நின்றது. டிஸ்ட்ரிபியூட்டரைத் துளி திருப்பி, கோட்டை இடத்துக்குக் கொண்டுவந்து முடுக்கினேன். நின்ற நிலையில் எஞ்சின் அவ்வளவு சுகமாக ஓடியது. பிடித்துவிட்டோம் என்று அவர் முதுகில் தட்டினேன். அவரும் நம்பிப் போனார்.

இன்னும் அழுவுதாம்.

இந்த வண்டிகளில் திறந்து மூடிப் பொறி விடுகிற பழைய காலத்து பாயின்ட் கிடையாது. பல் வைத்த சின்னச் சக்கரம் ஒன்று சுற்றும். பக்கத்தில் ஒரு குட்டிக் காயில். பல் கடக்கும்போதெல்லாம் காயிலில் ஒரு துடிப்பு எழும். அந்தத் துடிப்பு இரண்டு மெல்லிய ஒயர் வழியாக மாட்யூல் என்கிற டப்பாவுக்குப் போகும். இப்போ விடு பொறியை என்று டப்பா சொல்லும். டப்பாதான் கெட்டது என்று நினைத்து, வேறு வண்டியில் நன்றாக ஓடிய டப்பாவை மாட்டினேன். அதே கதை. காயில் போயிருக்குமோ என்று மீட்டர் வைத்தேன். மீட்டர் நல்ல எண் காட்டியது. மீட்டரின் இரண்டு முனையையும் இடம் மாற்றி வைத்தேன், அதே நல்ல எண். என்னை ஏமாற்றியதே அதுதான். காயிலை எந்தப் பக்கம் வைத்து அளந்தாலும் மீட்டர் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

இதற்குள் அந்த அம்மா முடிவெடுத்துவிட்டார். அழுகிற வண்டியை வைத்துக்கொண்டு தான் எப்படி அழாமல் இருப்பது என்று கேட்டிருக்கிறார். எடைக்குப் போட்டுவிடு, யாரிடமும் ஓட்டக் கொடுக்காதே, உடைத்துவிடச் சொல் என்றாராம். இவருக்குப் பையன் பிடித்த ஸ்டியரிங் அது. அந்த வண்டிக்குள் உட்கார்ந்தால்தான் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். அன்றைக்குச் சரியானால் வண்டி வீட்டோடு இருக்கும், ஆகாவிட்டால் அப்படியே எடைக்கடைக்குப் போகும் என்ற பேச்சோடுதான் வந்திருந்தார்கள்.

அந்த அம்மா இறங்கவில்லை. முன் சீட்டில், மடியில் பையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். பானெட்டைத் தூக்கியதும் அவருக்கும் எங்களுக்கும் நடுவில் அது ஒரு கதவு போல நின்றது. நான் டைமிங் லைட்டை மாட்டி, புருஷனை ஸ்டியரிங் முன் உட்காரவைத்து ஆக்சிலேட்டரை மெதுவாக மிதிக்கச் சொன்னேன். பானெட்டுக்குப் பக்கவாட்டில் கையை நீட்டி உயர்த்தி உயர்த்திக் காட்டினேன், என் குரல் எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்காதே. கோடு நின்றது, நின்றது. வேகம் ஏற ஏறத் தத்தளித்தது. ஒரு இடத்தில் வெடுக்கென்று பின்னால் தாவியது.

"இப்ப. இப்ப அழுவுது பாரு தம்பி" என்றார் அந்த அம்மா, ஜன்னல் வழியாக.

கோடு தாவிய அதே நொடி. மறுபடி ஏற்றச் சொன்னேன். அதே இடத்தில் கோடு தாவியது, அதே இடத்தில் "இந்தா, இப்ப" என்றார். நான் வெளிச்சத்தில் பார்ப்பதை அவர் காதால் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டப்பாவும் நல்லது, காயிலும் நல்லது. துடிப்புதான் தப்பான பக்கமாகப் போகிறது, இரண்டு ஒயரும் எங்கேயோ இடம் மாறியிருக்க வேண்டும். வேகம் கூடக் கூட அந்தத் தப்பும் இடம் மாறிக்கொண்டே போகிறது. ஒரு இடத்தில் திருப்பி வைத்த டைமிங் இன்னொரு இடத்தில் எப்படி நிற்கும்?

எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, காயிலிலிருந்து டப்பாவுக்குப் போகும் அந்த இரண்டு ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு இடத்தில் தடிப்பு தட்டுப்பட்டது. உறையை விலக்கினேன். கறுப்பு டேப் சுற்றிய இரண்டு ஜாயின்ட், பக்கத்தில் பக்கத்தில். எலி கடித்த பல் தடம் ஒயரில் இன்னும் இருந்தது. துணியில் பெட்ரோல் தொட்டு ஒயரின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். இரண்டுமே பழுப்பாகித்தான் கிடந்தன. துடைத்த பிறகுதான் நிறம் வந்தது. இந்தப் பக்கத்துச் சிவப்பு அந்தப் பக்கத்து வெள்ளையோடு போய்ச் சேர்ந்திருந்தது.

ஒரு நிமிடத்து வேலை. வெட்டி, மாற்றி முறுக்கிவிட்டால் தீர்ந்தது. பிளேயரைத் திறந்து கொண்டுபோனேன். அப்போதுதான் டேப்பின் நுனியைப் பார்த்தேன்.

துளி மடித்து, வால் விட்டிருந்தது.

அவர் சீட்டிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றிருந்தார். என் கை எங்கே போகிறது என்று பார்த்தார். அப்போது சொன்னதுதான் நான் முதலில் சொன்ன அந்த வார்த்தை. பிறகு விவரத்தையும் துண்டு துண்டாகச் சொன்னார். காய்ச்சல் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, எலி கடித்த ஒயரைப் பையன் தானே போட்டானாம். இவர்தான் போனில் டார்ச் அடித்துக் காட்டினாராம். இந்த 'ஆம்' கேட்டதனால் வந்ததில்லை, கண்ணால் பார்த்தது. இருந்தும் பழக்கத்தில் அப்படித்தான் வந்தது. இந்த உலகத்தில் அவன் கை கடைசியாகச் செய்த வேலை அதுதான். அதற்கப்புறம் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. இத்தனை தடவை வந்தும் என்னிடம் அவர் ஏன் அதைச் சொல்லவில்லை என்று இப்போது தெரிந்தது. சொன்னால் நான் முதலில் அங்கேதான் கையை வைப்பேன்.

தொடாதே என்று மறுபடியும் சொன்னார், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்பதுவரை முழுசாக. ரகசியம் என்று அவர் நினைத்தது தெருவில் போகிறவருக்கே கேட்டிருக்கும். அவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது.

பிளேயரை மூடி டூல்ஸ் டப்பாவில் போட்டேன். பையன் போட்டது தப்பு என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் பானெட்டை இறக்கிவிட்டால் வண்டி எடைக்குப் போகும், ஜாயின்ட்டும் அதோடு போகும். சொல்லித்தான் ஆக வேண்டும். அதையும் மெதுவாகச் சொல்ல வழியில்லை. அவர் காதுக்குப் பக்கத்தில் போய், என் தொண்டையெல்லாம் திறந்து சொன்னேன்.

"அவன் தப்பா போடலண்ணே. ஊட்டு ஒயருக்கு அது சரி. ஃபேனு எப்டி குடுத்தாலும் சுத்தும். இதுல மட்டும் எது முன்னாடி எது பின்னாடின்னு கீது. ரெண்டும் எண்ணெ குடிச்சி ஒரே கலர்ல இருந்திச்சி, யாரு போட்டாலும் மாறும். இத்த மாத்தி போட்டா வண்டி அழாது."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு கறுப்பு முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டுப் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ ஆவடி ஆவடி என்று கூப்பிட்டுக்கொண்டே போனது. நான் கையைத் துணியில் துடைத்தேன். துடைத்த கையையே மறுபடி துடைத்தேன்.

பானெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. புருஷனுக்குக் கேட்பதற்காகவே இத்தனை வருஷம் பழகிப்போன, ஓங்கிய குரல். அழுகை எதுவும் அதில் இல்லை. ஒரு சாமானை அலமாரியில் எங்கே வைத்தோம் என்று சொல்வது போல இருந்தது.

"வாலு உட்டிருப்பான், பாரு."

அவருக்குக் கேட்டுவிட்டது. என் கையிலிருந்த துணியை வாங்கி விரல்களைத் துடைத்துக்கொண்டார். பேட்டரி மேல் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கைக் கட்டைவிரல் நகத்தால் முடிச்சின் மேல் தடவித் தடவிப் போனார். நுனி தட்டுப்பட்டதும் நிறுத்தினார். பிறகு அந்த மடிப்பை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். எஞ்சின் சூட்டில் இளகியிருந்த டேப் எங்கேயும் கிழியாமல் சுற்றுச் சுற்றாக வந்தது. வர வர அதைத் தன் சுட்டுவிரலிலேயே சுற்றிக்கொண்டார். இரண்டாவது முடிச்சையும் அப்படியே பிரித்தார். செம்பு வெளியே தெரிந்ததும் எனக்கு வழி விட்டு விலகி, டேப் சுற்றிய விரலை நீட்டிப் பிடித்தபடி, பானெட்டைச் சுற்றிக்கொண்டு முன் சீட்டுப் பக்கம் போனார்.